கருப்பையா பேரைப் பாட வைக்க ஹேடோ போனேன்

அறுபத்தெட்டாம் வருஷம், வைகாசி மாதச் சனிக்கிழமை. எங்கள் தீவின் ஹேடோ மைதானத்தில் காசியம்மா குழுவின் தெம்மாங்குக் கச்சேரி என்று கேள்விப்பட்டதும் போவது என்று முடிவு செய்துவிட்டேன். மதுரைப் பக்கத் திருவிழாக்களில் அவர் பாட்டுக்காக எட்டு மைல் வண்டி கட்டிப் போனவள் நான். சீட்டில் ஒரு பேர் எழுதிக் கொடுத்தால், அந்த ஆளை வைத்து அங்கேயே நாலு வரி கிண்டலாகக் கட்டிப் பாடுவார். வேறு யாருக்கும் அது வராது.

என் வீட்டுக்காரர் கருப்பையா சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் இதே குழு கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தபோது அவருக்கு ராத்திரி ஷிப்ட், இரண்டு பேருமே போகவில்லை. "அடுத்த தடவை வரட்டும், என் பேரைச் சொல்லிப் பாட வைக்கிறேன் பாரு" என்றார். இந்த மாசியில் காய்ச்சலில் தவறிவிட்டார். அவர் பேரைப் பாட வைக்கத்தான் நான் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை.

நாங்கள் இருப்பது பம்பூபிளாட் படகுத்துறையிலிருந்து நாலு மைல் உள்ளே. மத்தியானம் இரண்டு மணிக்கு மரலாரியில் ஏறினோம். கூட வந்தது மளிகைக்கடை மைமூன் அக்கா. ஆளுக்கு நாலணா. டிரைவர் நம்ம ஆள்தான், ராமநாதபுரம்.

"என்னம்மா, மூணு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள கானா பஜானா, பாட்டுக் கூத்தா?" என்றான்.

"கூலி வாங்கிட்டல்ல? ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றேன். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மூன்றரைப் படகுக்குப் பத்துப் பைசா. கால்மணி நேரத்தில் சாத்தம். இறங்கியதும் மில். அவர் தினமும் நுழைந்த கேட்டைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன், பாலத்தைத் தாண்டி நடந்தேன். ஹேடோ மைதானம் இருபது நிமிஷ நடை.

ஐந்தரைக்கு என்று சொன்ன கச்சேரி ஆறே முக்காலுக்குத்தான் ஆரம்பித்தது. பெட்ரோமாக்ஸ் ஏற்றவே அரைமணி நேரம். பெண்களுக்கு இடது பக்கம் பாய். காசியம்மா கொஞ்சம் தடித்திருக்கிறார், கப்பல் வாந்தியில் முகம் வாடியிருந்தது. ஆனால் முதல் பாட்டை எடுத்ததும் தவில்காரரே நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் அப்படியே இருக்கிறது.

குழு ஆள் சீட்டு வாங்க வந்தபோது நானே எழுதினேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். 'கருப்பையா, சாத்தம் மில்.' அவ்வளவுதான்.

கடைசிப் படகு ஒன்பது மணிக்கு. எட்டரைக்காவது கிளம்பணும். எட்டு இருபதுக்கு என் சீட்டு காசியம்மா கைக்கு வந்தது.

சாத்தம் மில்லுக் கருப்பையா – உன்
சட்டையெல்லாம் மரத்தூளு

இரண்டு வரியில் நிறுத்திவிட்டார். "எங்கய்யா கருப்பையா? எந்திரிச்சு ஊரைச் சொல்லுங்க."

இது எனக்குத் தெரியாது. ஊரில் இப்படி இல்லை. இந்தத் தீவில் ஆளாளுக்கு ஒரு ஜில்லா. பேர் வந்தவர் எழுந்து சொந்த ஊரைச் சொன்னால் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதற்காக வைத்த வழக்கமாம். ஆள் எழவில்லை என்றால் மீதி வரி கிடையாது, அடுத்த சீட்டு.

"மச்சான் பொண்டாட்டிக்குப் பயந்து பதுங்கிட்டாரு போல" என்றார் காசியம்மா. கூட்டம் சிரித்தது. வலது மூலையில் மில்காரர்கள் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும்.

அக்கா என் கையைப் பிடித்தார். "உக்காரு புள்ள. படகுக்கு நேரமாச்சு."

நான் எழுந்தேன். "கருப்பையா என் வீட்டுக்காரரு. ஊரு உசிலம்பட்டிப் பக்கம். மாசியில தவறிட்டாரு."

தவில் நின்றது. காசியம்மா மேடை ஓரத்துக்கு வந்தார். "தெரியாமப் பாடிட்டேன் தாயி. வேணும்னா மனசு ஆறுற மாதிரி ஒண்ணு பாடவா?"

"வேணாம். அழுகைப் பாட்டு அவருக்குப் பிடிக்காது. ஆரம்பிச்சதையே முடிங்க."

 காசியம்மா தவில்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வாசலிலே உதறிப்புட்டு
வந்தாத்தான் நீ நல்ல ஆளு

இந்தச் சண்டையைத்தான் நான் அவரோடு தினமும் போட்டேன். காசியம்மாவுக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன். அப்புறம் மில்காரர்கள் சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். நின்றபடியே நாலு வரியும் மூன்று முறை கேட்டேன். கண்ணும் வழிந்தது, அதை நான் துடைக்கவில்லை.

எட்டே முக்காலுக்குத்தான் கிளம்பினோம். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மில்காரர் இருவர் முன்னால் ஓடி, படகைப் பிடித்து நிறுத்தினார்கள். அந்நேரத்துக்கு லாரி கிடையாது, அன்று ராத்திரி பம்பூபிளாட்டில் அக்காவின் நாத்தனார் வீட்டில் படுத்தோம்.

அடுத்த கச்சேரிக்குப் போகிறவர்கள் மூன்றரைப் படகைத் தவறவிடாதீர்கள். பாய் கொண்டுபோங்கள், அங்கே போதாது. கடைசிப் படகை நம்பாமல் அக்கரையில் படுக்க இடம் சொல்லி வையுங்கள். சீட்டைச் சீக்கிரம் கொடுங்கள். போய்ச் சேர்ந்தவர் பேரைக் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். தாராளமாகக் கொடுங்கள். கூப்பிட்டதும் அவருக்காக நீங்கள் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.