பொழுதுபட்ட பிறகு அடிக்கிற சென்ட்

தங்கச்சியின் கணவர் கத்தாரை விட்டு ஒரேயடியாகக் காத்தான்குடிக்கு வந்தபோது, கொண்டுவந்த சாமான்களில் எனக்குப் பிடிக்காதது அந்தக் கறுப்புப் போத்தல்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சென்ட் என்றார். உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆம்புளைக்கும் பொம்புளைக்கும் ஒரே சென்டா? நல்ல கூத்து!"

எனக்கும் அது சென்ட் மாதிரியே தோன்றவில்லை. அடித்தவுடன் ஏலமும் கராம்பும் மிளகும் மூக்கில் ஏறும். புரியாணி ஆக்குகிற அடுப்படிதான். பகலில் அடித்தால் தலையிடி நிச்சயம். எங்கள் வெயிலுக்குத் திகட்டிப்போய்த் தொண்டையில் நிற்கும். பொழுதுபட்டு, வாவிக் காற்று வீட்டுக்குள் வரத் தொடங்கிய பிறகுதான் அதன் குணம் தெரியும். காரம் அடங்கும். கறுவாப்பட்டையும் சாம்பிராணியும் கலந்ததுபோல ஒரு சூடு மட்டும் தோலோடு தங்கும்.

ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். தங்கச்சியின் கையில் கொஞ்ச நேரத்தில் வட்டிலப்பம் மாதிரி இனித்துவிடும். அவர் மேலில் இனிக்கவே இனிக்காது. மிளகும் புகையுமாகக் கடைசிவரை காய்ந்து நிற்கும். பொழுதுபட்டு மஃரிபு தொழுததும் இருவரும் அந்த ஒரே போத்தலில் அடித்துக்கொள்வார்கள். அவர் கடைத்தெருவுக்குப் போவார், அவள் வீட்டுக்குள் மணத்துக்கொண்டிருப்பாள். "என்ன புள்ள, இண்டைக்கும் கலியாணமா?" என்று கேட்பேன். அவளுக்குக் கோபம் வரும்.

ஒரு பெருநாள் மாலை அவர் தன் தம்பிக்கும் அடித்துவிட்டிருக்கிறார். தம்பிதான் முதலில் வந்து முன் ஹோலில் இருந்தார். திரைக்கு உள்ளே நின்ற தங்கச்சி மணத்தைப் பிடித்து, "இந்தா, அவர் வந்திட்டார்" என்று சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கணவரின் தம்பியைக் கண்டதும் சோற்றுக் கோப்பையோடு திரும்பி ஓடிவந்தாள்.

"காக்காக்கும் எனக்கும் ஒரே தோல்தானே மதினி!" என்று அவர் தன் அண்ணனைச் சொல்லி வெளியிலிருந்து சத்தம்போட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த பெருநாளுக்கு முன் தங்கச்சியின் கணவர் மவுத்தானார். நெஞ்சு நோகுது என்றார், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். தங்கச்சி இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் அந்த மாதங்களில் வெளியே போவதில்லை, அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை, மணம் பூசுவதில்லை. உம்மா மருமகனின் உடுப்பையெல்லாம் தோய்த்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். அது வழக்கம். பிறகு போத்தலைக் கையில் எடுத்தார்.

"பூசத்தான் கூடாது உம்மா. வெச்சிருந்தா என்ன?"

"கண்ணுக்கு முன்னால கிடந்தா கை சும்மா இரிக்குமா? நீ உன்ட வேலையப் பாரு."

உம்மாவோடு யார் பேசி வெல்வது? பத்திரமாக வைத்திருந்து இத்தா முடிந்ததும் தரவேண்டிய அமானிதம் என்று போத்தல் மருமகனின் தம்பியிடம் போயிற்று.

தங்கச்சி அதிகம் அழவில்லை. ஓதினாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். பொழுதுபட்டால் மட்டும் ஒரே பேச்சு.

"உடுப்பு ஒண்டுமில்ல ராத்தா. தலகணி உறையையும் தோய்ச்சிட்டாங்க. அவர்ட மணம் அந்தப் போத்தலுக்குள்ளதான் இரிக்கி."

தம்பி மாலையில் பேக்கரிப் பாணும் மீனும் வாங்கிவருவார். அவள் திரைக்குப் பின்னால் வந்து நிற்பாள். "போத்தல் கவனமா மச்சான்?" என்பாள். "ஓம் மதினி, அலுமாரியில பூட்டி இரிக்கி" என்பார். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அவள் சாப்பிட வருவாள்.

இத்தா முடிந்த அன்று மஃரிபுக்குப் பிறகு தம்பி பாணோடு போத்தலையும் கொண்டுவந்தார். போத்தலை வாங்கி உள்ளே கொடுத்தேன். தங்கச்சி மணிக்கட்டில் அடித்துவிட்டுக் காத்திருந்தாள். ஏலம் வந்தது, மிளகு வந்தது. அவள் முகம் விரிந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு காரம் அடங்கியது. மெல்ல இனிப்பு ஏறியது. அவள் மற்றக் கையிலும் அடித்து முகர்ந்தாள்.

"ராத்தா, இது என்ட மணம். அவர் இல்ல."

இத்தனை மாதம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஒரு உடுப்பைக்கூட மிச்சம் வைக்காத உம்மா மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

வெளியே தம்பி பதறிப்போனார். "என்ன ராத்தா, பழுதாப் போயிட்டா? அல்லாஹ் மேல சத்தியம், நான் மூடியக்கூடத் தொறக்கல்ல. காக்காட அமானிதமெண்டு ஒரு சொட்டு அடிக்கல்ல."

தங்கச்சி எழுந்து திரையருகே போனாள்.

"ஒரு நாளைக்காவது களவா அடிச்சிட்டு வந்திரிக்கலாமே மச்சான்."

நான் போத்தலை எடுத்துப்போய் அவர் முன்னால் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல், பாணைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் பாண் கொண்டுவருவது நடுப்பகலில், அந்த சென்ட் அடிக்க முடியாத வெயிலில்.