ஒரே கோட்டில் ஏறும் விமானங்கள்

சித்தப்பாவுக்கு விமான நிலையத்தில் வேலை. கிளம்பும் விமானங்கள் எந்த வழியாக மேலேற வேண்டும் என்று கணினியில் பாதை வரைவார். முன்பெல்லாம் தரையிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு விமானங்கள் அப்படி இப்படிப் பரவித்தான் பறந்தன. செயற்கைக்கோள் வழிகாட்ட ஆரம்பித்ததும் எல்லாம் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போயின.

அந்தக் கோடு சித்தியின் அண்ணன் வீட்டுக்கு நேர் மேலே அமைந்துவிட்டது. மாமா அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர். பகலில்தான் தூங்கியாக வேண்டும்.

"இவ்வளவு இடம் கெடக்க, எங்க அண்ணன் தலைதானா கெடைச்சுது?" என்று கேட்ட சித்தி, அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சித்தப்பா என்ன செய்வார்? இரண்டு பாதை போட்டு மாற்றி மாற்றி விடலாம், சத்தமும் பங்காகிவிடும் என்று முதலிலேயே சொன்னவர் அவர்தான். மேலதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ரெண்டு பாதைன்னா ரெண்டு பக்கமிருந்தும் புகார் வரும். எதுக்கு வம்பு?"

புகார் ஒரு பக்கமிருந்தே குவிந்தது. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். திரையில் படம் காட்டி விளக்கும் வேலை சித்தப்பா தலையில் விழுந்தது.

"மொத்தத்துல சத்தம் கேக்குற வீடுங்க குறைஞ்சிருக்குங்க..."

கண் சிவந்து போய் மாமா எழுந்தார். "அவங்களுக்கும் சேர்த்து நாங்கதான் கேக்குறோம் மாப்ளே!"

சபை சிரித்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். "இவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். ரெண்டா பிரிக்கணும்னு வீட்ல மணிக்கணக்கா பேசுவாரு. இங்க வாயத் திறக்க மாட்டேங்குறாரு. கேளுங்க சார்!"

எல்லார் பார்வையும் சித்தப்பா மேல் திரும்பியது. "ஆமாங்க, சொன்னேன்" என்றார். மேலதிகாரியின் முகம் கறுத்துப்போனது.

பாதை மாறவில்லை. சித்தப்பாதான் மாற்றப்பட்டார், ஓடுபாதையைச் சுற்றியுள்ள மரங்களின் உயரத்தை அளக்கிற பிரிவுக்கு.

விஷயம் தெரிந்து மாமா சித்தப்பா வீட்டுக்கு ஓடிவந்தார். "உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் மாப்ளே..."

"நல்லாச் செஞ்சீங்க மச்சான்." சித்தப்பா விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், மாமா சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் விமானச் சத்தமே கிடையாது.

இப்போது மாமா தினமும் வேலை முடிந்து நேரே அங்கேதான் வந்து படுக்கிறார். லீவு நாளில் சித்தப்பாவால் டிவியைக்கூடச் சத்தமாக வைக்க முடிவதில்லை, சித்தி முறைப்பாள். அடுத்த வருடம் பாதையை மறுபடி பரிசீலிப்பார்களாம். போன வருடமும் இதையேதான் சொன்னார்கள்.