குழாயில் வந்த கேதம்

பாய்க்குக் காதுக்குள் ஒரு விசில் உண்டு. வாலிபத்திலிருந்தே குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்து தொழில் செய்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், சாவுக் கேதம் என்று எல்லாவற்றுக்கும் அவருடைய மைக் செட்தான் போகும். பாட்டெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு சத்தம் மட்டும் அவரோடு கூடவே வந்து உள்ளே தங்கிவிட்டது.

நான் ஓரிடத்தில் தரிக்காதவன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரி கிளீனர், செங்கல் சூளை, பரோட்டாக் கடை, கடைசியாகத் திருப்பூர். அங்கே மஞ்சள் காமாலை வந்தது. மதுரைக்குத் திரும்பியபோது படுக்க இடமில்லை. பழைய ஊருக்குள், தன் வீட்டை ஒட்டியிருந்த கடை மாடியில், செட்டுச் சாமான்களுக்கு நடுவே படுத்துக்கொள்ளச் சொன்னார் பாய். உடம்பு தேறியதும் அவருக்காகக் கம்பம் ஏறிக் குழாய் கட்ட ஆரம்பித்தேன்.

எங்கள் தொழிலில் ராத்தூக்கம் கிடையாது. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தால்தான் உண்டு. ஆனால் பாய் படுத்த உடனே காது ஊத ஆரம்பித்துவிடும். இப்படிப் புரள்வார், அப்படிப் புரள்வார், உள்ளங்கையை வைத்துக் காதை அழுத்துவார். ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டார். கோபத்தில் இல்லை. ஆணி அறைகிறவர் மாதிரி மெதுவாக, இடம் பார்த்து. அவருடைய வீட்டம்மா வந்து தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அது அந்த வீட்டில் புதிதில்லை என்று எனக்குப் புரிந்தது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் ஒரு அறிவியல் கண்காட்சிக்கு செட் போட்டோம். ஒரு பேராசிரியை அம்மா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, எங்கள் ஆம்ப்ளிஃபயரில் சொருகித் தரச் சொன்னார். முதலில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு காலிக் குழாயின் அடுத்த முனையிலிருந்து யாரோ ஊதுவது போல ஒரு விசில் எழுந்து, இறங்கி, அணைந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல இருந்தது. எனக்குக் கை ரோமம் எழுந்தது.

விண்கற்கள் எரிந்து விழுகிற சத்தம் என்றார் அந்த அம்மா. எங்கோ வெளிநாட்டில் ரேடியோ அலையை வானத்துக்கு அனுப்புகிறார்கள். கல் எரிந்து விழும்போது அதன் தடத்தில் பட்டு அலை திரும்புகிறது. அதைப் பிடித்து ஒரு தனி மனிதர் தன் வெப்சைட்டில், விழுகிற அந்த நேரத்திலேயே, உலகத்துக்கே கேட்கவிடுகிறார்.

“பகல்ல எப்படிம்மா நட்சத்திரம் விழும்?” என்றேன்.

“பகல்லயும் விழுந்துக்கிட்டுதான் இருக்குண்ணே. வெளிச்சத்துல நமக்குத் தெரியல, அம்புட்டுதான்.”

நான் வெளியே பார்த்தேன். உச்சி வெயில். நாகமலை பாறை வெளுத்துக் கிடந்தது. வானத்தில் ஒன்றுமே இல்லை. குழாயில் மட்டும் ஒன்று விழுந்தது.

பாய் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கையை எடுத்துவிட்டிருந்தார் காதிலிருந்து.

திரும்பி வரும்போது லோடு ஆட்டோவில், “அதைப் போன்ல எடுக்க முடியுமாப்பா?” என்று கேட்டார். மறுநாள் மத்தியானம் பழைய போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து தலைமாட்டில் வைத்தேன். பாய் தூங்கினார். வாயைப் பிளந்து, குறட்டை விட்டு. வீட்டம்மா வந்து நிலைப்படியில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

தினமும் நெட்டைப் போட வேண்டாமே என்று நான் ஒரு நாள் சத்தத்தைப் பதிவு செய்து வைத்தேன். இரண்டு மூன்று நாள் வேலை செய்தது. அப்புறம் பாய் மறுபடி புரள ஆரம்பித்தார்.

“இதுல அடுத்தது எப்ப வரும்னு காது படிச்சுக்கிருச்சுப்பா. அங்க எப்ப விழும்னு தெரியாதுல்ல? காது அதுக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்கும். காத்துக்கிட்டு இருக்கையில தன் சத்தத்தை மறந்துருது.”

அதனால் விழும்போதே கேட்க வேண்டும். வேறு வழியில்லை.

இப்படி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின. பிறகு அந்தப் பக்கத்தின் தலையில் சிவப்புக் கட்டத்துக்குள் இங்கிலீஷில் ஏதோ வந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் நல்ல செய்தியாகத் தெரியவில்லை. பேராசிரியை அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் படித்துச் சொன்னார். நடத்துகிறவருக்கு வயதாகிவிட்டது, தனியாக இழுக்க முடியவில்லை, மாதக் கடைசியில் மூடுகிறார். கேட்கிறவர்கள் நிறையப் பேர் ஏன் கேட்கிறோம் என்று எழுதினால், அதைக் காட்டி ஏதாவது ஒரு நிறுவனத்தை எடுத்து நடத்தக் கேட்பாராம். எழுதுவதற்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது, எந்த மொழியிலும் எழுதலாம். “எம் மாணவர்களை எழுதச் சொல்லியிருக்கேன். நீங்களும் நாலு பேரை எழுத வைங்கண்ணே” என்றார்.

முதலில் பாயைத்தான் எழுதச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என் காது போச்சுன்னு ஊருக்கு எழுதவா? அப்புறம் எவன் செட்டுக் கூப்பிடுவான்? சத்தம் கூடுதா குறையுதான்னு தெரியாத பாய்னு சொல்லுவாய்ங்க.”

ஆக, அந்தச் சத்தம் உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரே ஆள் அதைச் சொல்ல முடியாது. மற்றவர்களிடம் போனேன். திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல்காரர், போட்டோக்காரர், வாழை மரம் கட்டுகிறவர் என்று ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்துக் காட்டினேன்.

“என்ன மாப்ள, வானத்துல விசிலடிக்கிறவனுக்கு ஓட்டுக் கேட்டு வாரியா?” என்றார் போட்டோக்காரர்.

“கல்லு விழுது சரி. சாம்பார்ல விழாம இருந்தாச் சரி” என்றார் சமையல்காரர்.

ஒருவர் மட்டும் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, போனைத் துடைத்து என் கையில் கொடுத்து, “இனிமே இதை எங்கிட்டக் காட்டாதப்பா” என்றார். அவர் வாழை மரம் கட்டுகிறவர். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. கோச்சடை தாண்டி மேற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊரில் கோயில் பொங்கலுக்கு செட். ஊருக்குக் காப்புக் கட்டியாயிற்று. புளியமரத்திலும் கம்பங்களிலும் குழாய்களை நாலு திசைக்கும் பார்த்துக் கட்டினேன். சாமி புறப்பாடு சாயங்காலம்தான். மத்தியானம் பாட்டை நிறுத்தியபோது எனக்கு அந்த யோசனை வந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கேட்கட்டும். கேட்ட பிறகு மைக்கில் விஷயத்தைச் சொல்லி, எழுதச் சொல்லலாம். பாயிடம் சொன்னேன். அந்தச் சத்தத்தைக் குழாயில் கேட்க அவருக்கும் ஆசை. போனைச் சொருகச் சொல்லி அவரே சத்தத்தைக் கூட்டினார்.

முதல் விசில் வயல்மேல் போனது. புளியமரத்திலிருந்த கொக்குகள் ஒன்றாக எழும்பின. கரையில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின, தூக்கியபடியே நின்றன. அடுத்தது நீளமாக விழுந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்தான். வெயிலே இரைகிற மாதிரி இருந்தது. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. கதவுகள் திறக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

வருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். வந்தார்கள். ஆனால் வந்த விதம் சரியில்லை. பேசாமல் வந்தார்கள். ஆண்கள் தோள் துண்டைக் கையில் எடுத்திருந்தார்கள். பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள், சிலர் சேற்றுக் கையோடு. எங்களைச் சுற்றி வட்டமாக நின்று ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார்கள்.

ஒரு அக்கா முன்னால் வந்தது. நடுவயது, முழங்கைவரை வயல் சேறு. “யாரு வீட்டுலண்ணே?” என்று கேட்டது, தணிந்த குரலில்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு சாவு விழுந்தால், முதலில் குழாயில் சங்கை ஊதுவார்கள். ஊர் வந்து கூடிய பிறகுதான் பேரைச் சொல்வார்கள். எத்தனையோ கேதத்துக்குக் குழாய் கட்டியவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

பாய் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்குள் இருந்தார். நான் தொட்டதும் விழித்தார். சுற்றிலும் தலைவிரித்த பெண்கள். அவருக்கும் ஒரே அர்த்தம்தான் பட்டது. சாவுச் செய்தி கேட்டால், மௌத்துக்கென்று முஸ்லிம்கள் சொல்லும் வார்த்தையை முணுமுணுத்துவிட்டு, “யாரும்மா போயிட்டாக?” என்று அவர்களிடமே கேட்டார்.

“எங்களக் கேட்டா? ஊதுனது நீங்க.”

கூட்டத்துக்குள் ஆள் தேட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கே, உன் மாமியார் எங்கே, மோட்டார் ரூமுக்குப் போனவன் வந்தானா. ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொருவராக ‘இங்கிட்டு இருக்கேன்’ என்றார்கள். எல்லோரும் இருந்தார்கள். அதற்காக யாரும் நிம்மதியாக மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. இன்னும் பயந்தார்கள். குழாயில் மறுபடி ஒன்று விழுந்தது.

“காப்புக் கட்டியிருக்கையில ஊதிப்புட்டானே” என்று பூசாரி என் சட்டையைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடி வாங்குவது எனக்குப் பழக்கம்தான், பல்லைக் கடித்து நின்றேன். பாய் குறுக்கே வந்தார். நான் மைக்கை எடுத்து, தெரிந்ததைச் சொன்னேன். இது சங்கு இல்லை. மேலே கல் எரிந்து போகிற சத்தம். பகலிலும் விழுந்துகொண்டே இருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை.

வயல் அக்கா வானத்தைப் பார்த்தது. கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள். வெறும் வானம். விசில் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

“அப்ப ஊதுற அம்புட்டும் எரிஞ்சு போறதா?” என்றது அக்கா.

“அம்புட்டும்தான்க்கா.”

“எந்நேரமுமா?”

“எந்நேரமும்.”

“கேட்க ஆளு?”

“இந்தப் பக்கத்தைத் திறக்கிறவுக மட்டும்தான். அதையும் மூடப் போறாங்க.”

அக்கா சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தது. பிறகு பூசாரியிடம், “சத்தம் காதுல விழுந்துருச்சு. யாரோ எவரோ. தலை முழுகாம எப்படிப் பொங்க வைக்கிறது?” என்றது.

பூசாரி என் சட்டையை விட்டார். ஊரே பம்புசெட்டுக்குப் போனது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் தொட்டிப் பக்கம். வாளியில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். ஒப்பாரி இல்லை, பேச்சு இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் நானும் நிறுத்தவில்லை. நெல் வயல்மேல் விசில் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஓடிவிடலாம் என்றும் இருந்தது. கடைசியில் நானும் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் நின்று தலையில் ஊற்றிக்கொண்டேன். பாயும்தான்.

ஈரத் தலையோடு அக்கா வந்து, “எங்க எழுதணும்?” என்றது. பேசினால் போன் எழுதிக்கொள்ளும் என்று காட்டினேன். போனை வாய்க்கு நேரே பிடித்து, தூரத்துச் சொந்தத்தோடு பேசுவது போலச் சத்தமாகச் சொன்னது:

“எங்க ஊருல எல்லாரும் கேட்டோம். குளிச்சுட்டோம். நீங்க நிப்பாட்டிப்புட்டா அவைங்க ஒரு சத்தமும் இல்லாமப் போவாய்ங்க. அது நல்லா இல்ல.”

அக்காவுக்குப் பின்னால் பலர் வந்து சொன்னார்கள். சொன்னதை எல்லாம் அப்படியே அனுப்பினேன். பொங்கல் அன்று தாமதமாகத்தான் பொங்கியது.

மாதம் முடிந்தது. பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. காதுச் சத்தம் அமுங்கட்டும் என்று பாய் மாவு மில்லுக்குப் போய் மிஷின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார், மில் மூடினால் வீட்டுக்கு வந்து சுவரோரம் படுத்தார். வீட்டம்மா தலையணையை மறுபடி எடுத்து வைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, கம்பத்தைக் கட்டச் சொல்லிவிட்டு எந்தக் கம்பம் என்று மறந்துபோகிற நிலைக்கு வந்துவிட்டார். “காதை அறுத்துப் போட்டா நிக்குமாப்பா?” என்று சாதாரணமாகக் கேட்டார். நான் கடையிலிருந்த கத்தரிக்கோலை மாடிக்கு எடுத்துப் போனேன்.

பிறகு ஒரு மத்தியானம் பேராசிரியை அம்மா போன் செய்தார். எங்கோ ஒரு கல்லூரி அதை எடுத்து நடத்துகிறதாம். எழுதியவர்களின் வார்த்தைகளைப் பக்கத்தில் போட்டிருக்கிறார்களாம். “அதுல தமிழ்லயும் இருக்குண்ணே, குளிச்சுட்டோம்னு. நீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்.

நான் ஓடிப்போய்ப் போனைப் பாயின் தலைமாட்டில் வைத்தேன். இரைச்சல் வந்தது. விசில் வந்தது. தூங்கிவிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, அந்த மௌத் வார்த்தையை முணுமுணுத்தார். அடுத்ததற்கும் சொன்னார். அதற்கடுத்ததற்கும்.

“படுங்க பாய்.”

“எப்படிப் படுக்க? அன்னைக்கு அந்தப் புள்ளைக கேதமாக் கேட்டுப்புட்டாகளே. இனிமே எனக்கு வேற மாதிரிக் கேக்கலப்பா. வந்த செய்திக்குச் சொல்லாம இருக்க முடியுமா?”

சுவரில் முட்டிக்கொள்வது நின்றுவிட்டது. தூக்கமும் பெரிதாக வரவில்லை. மத்தியானங்களில் சம்மணமிட்டு, போனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். முகம் அமைதியாகத்தான் இருக்கும்.

எனக்கு வழக்கம்போலக் கால் அரித்தது. ஓசூர்ப் பக்கம் வேலை இருக்கிறது என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். “வாரேன் பாய்” என்றேன். விசில் ஒன்று விழுந்தது, அவர் உதடு அசைந்தது. பிறகு வெறும் இரைச்சல். அதற்குள்ளும் உதடு அசைந்தது.

“இப்ப ஒண்ணும் கேக்கலையே பாய்.”

“உனக்குக் கேக்கல” என்றார். “எது வெளிய, எது எனக்குள்ளன்னு நான் இப்பப் பிரிக்கிறதில்ல. எல்லாத்துக்கும் சொல்லிர்றேன்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தோளில் பையோடு நின்றேன், அடுத்தது போனில் வந்த பிறகு போகலாம் என்று. வரவில்லை. பாயின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.