ஆளில்லாத வீட்டில் புஷ்பம்

கண்டிப் பக்கம் தெல்தெனியவுக்கு மேலே, விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிகிற சரிவில், லண்டனில் இருக்கும் கஜேந்திரனுக்கு ஒரு வீடு உண்டு. வருடத்தில் மூன்று வாரம் பெண்சாதி நிரோஷா, பிள்ளைகளோடு வந்து இருந்துவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கே இருப்பது வேலைக்காரி புஷ்பம். பதினொரு வருடமாக அப்படித்தான். ஆனாலும் "எங்க இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "ஹந்தானைங்க" என்றுதான் சொல்வாள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் அவள் பிறந்த ஒற்றை அறை லயக் காம்பிராவில் இப்போது அண்ணன் மகனின் குடும்பம் இருக்கிறது. போனால் தேத்தண்ணி கிடைக்கும், படுக்க இடம் கிடைக்காது. அது நன்றாகத் தெரிந்தும் அப்படித்தான் சொல்வாள். அவள் சுபாவம் அது, என்ன செய்ய!

புதன்கிழமை காலை கஜேந்திரன் லண்டனிலிருந்து போன் எடுத்தார்.

"அக்கா, பழைய இன்சூரன்ஸ் கொம்பனிய விடப் போறேன். வருசா வருசம் கட்டணத்தக் கூட்டுறானுங்க. போன மழைக்கு மதில் சரிஞ்சப்போ ஏதேதோ சாக்குச் சொல்லிக் கைய விரிச்சுட்டானுங்க. வெள்ளிக்கிழமையோட அது முடியுது. புதுக் கொம்பனியில இருந்து நாளைக்கு யுகேஷ்னு ஒருத்தர் வருவாரு. வீட்டத் துப்புரவா வச்சு எல்லாத்தையும் காட்டுங்க."

துப்புரவு என்றால் என்ன என்று புஷ்பத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் அம்மா பாலம்மா ஹந்தானைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவள். பெரிய இடத்து ஆட்கள் பங்களாவைப் பார்க்க வந்தால், பாய், தலையணை, சீப்பு, செருப்பு வரைக்கும் மூட்டை கட்டி லயத்துக்கு அனுப்பிவிடுவாள். வேலைக்காரி படுத்தெழும்பிய சுவடு வந்தவர் கண்ணில் பட்டால் தோட்டத் துரைக்குக் கேவலம், தனக்கு வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை மகளுக்கும் சீதனமாகக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் புஷ்பம் நஸீபைக் கூப்பிட்டாள். சந்தியில் ஓட்டோ ஓட்டுகிற பையன், அவளுக்குக் கடை கண்ணிக்குப் போய்வர அவன்தான் துணை. அடுப்படியிலும் அதற்குப் பக்கத்துச் சின்ன அறையிலும் இருந்த அவளுடைய பாய், சட்டி பானை, சாமிப் படங்கள், சேலைப் பெட்டி எல்லாம் ஓட்டோவில் ஏறின. கடைசியில் காலில் கிடந்த செருப்பையும் கழற்றிப் போட்டாள்.

"என்னக்கா, ஊடு மாறப் போறீங்களா?"

"வாய மூடிக்கிட்டு சந்தியில நில்லு. அவரு போனதும் சொல்லுறேன்."

சுவர், தரை, ஜன்னல் எல்லாவற்றையும் தேய்தேயென்று தேய்த்தாள். அடுப்படிச் சுவரில் ஒரு கறை மட்டும் போகவே இல்லை. அதன் மேல் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டாள்.

பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்த யுகேஷ் கண்டிப் பொடியன், மரியாதை தெரிந்தவன். அறை அறையாகப் படம் எடுத்தான். சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு துரும்பு கூட இல்லை.

"அம்மா, இந்த வீட்டுல யார் தங்கி இருக்கிறது?"

"யாருமில்லீங்க சார். நான் வந்து கூட்டிட்டுப் போறதோட சரி."

"ராத்திரியில?"

"ஐயோ, இல்லீங்க சார்!"

அவன் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போனான். அப்பாடா என்று புஷ்பம் படியில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கூட ஆகவில்லை, கஜேந்திரனின் போன்.

"என்னக்கா இப்பிடிச் செஞ்சுட்டீங்க? வீட்டுல யாருமில்லைன்னு சொன்னீங்களாமே, யுகேஷ் போன் எடுத்துச் சொன்னாரு. ஆளில்லாத வீட்டுக்கு அந்தக் கொம்பனி இன்சூரன்ஸ் தராது. ஒருத்தர் நிரந்தரமா குடியிருந்தா மட்டும்தானாம். நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தானே நான் மாறினேன்! இப்ப வீடு பாத்துக்குற ஏஜென்சிக்காரன்கிட்ட வீட்டக் குடுத்து, அவன் ஆளக் காவலுக்குப் போடச் சொல்லுறா நிரோஷா. வேற வழியும் தெரியல்ல."

ஏஜென்சிக்காரனின் ஆள் சின்ன அறைக்கு வந்தால் அவள் எங்கே போவாள்? அதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தங்குவதற்கு இருந்த ஒரே இடத்தை அவளே தன் வாயால் இல்லை என்று சொல்லிவிட்டாளே! பாவி மனுசி, யார் மேல் கோபப்படுவது?

வெறுங்காலோடு சந்திக்கு ஓடினாள். தேத்தண்ணிக் கடை வாசலில் யுகேஷ் தேத்தண்ணியில் பணிஸ் தொட்டுத் தின்றுகொண்டு நின்றான். பக்கத்தில் அவள் வீடு வாசல் முழுவதையும் சுமந்துகொண்டு நஸீபின் ஓட்டோ.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். நான் அங்கதான் இருக்குறேன். இதெல்லாம் என் சாமான்."

அவன் ஓட்டோவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அம்மா, கோவிக்காதீங்க. இப்ப சாமானக் காட்டி 'நான் இருக்கேன்'னு யாரும் சொல்லலாம். உங்க ஐடென்டி கார்டுல எந்த விலாசம்?"

"ஹந்தானை."

"பாத்தீங்களா?"

புஷ்பத்துக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய நேரத்தில்தான் வந்தது. 'சார்' எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தம்பி, தேத்தண்ணியக் குடிச்சிட்டு என்கூட வா. ஒண்ணு காட்டுறேன். அதையும் பாத்துட்டு இல்லைன்னு எழுதினா, எழுதிக்க."

அடுப்படியில் கலண்டரை இழுத்து எறிந்தாள். சுவரில் ஓர் ஆள் கை அகலத்துக்கு விளக்குப் புகை மேலே ஏறிக் கறுத்துக் கிடந்தது. அதன் கீழே சாமிப் படங்கள் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளைச் சதுரம். ஓரத்தில் குங்குமம் பட்டுப் பட்டுச் சிவந்திருந்தது.

"பதினொரு வருசமா அந்திக்கு அந்தி ஏத்தின விளக்கு. காலையில இருந்து கை தோல் உரியத் தேச்சேன், போகல்ல. வந்து கூட்டிட்டுப் போறவ ஏத்தின விளக்கா இது? நீயே சொல்லு."

யுகேஷ் விரலால் புகையைத் தொட்டுப் பார்த்தான். அது விரலில் ஒட்டவில்லை. வெகு காலம் ஊறியது அது. அவன் அதைப் படம் எடுத்தான்.

"எங்க வீட்டுலயும் இப்பிடி ஒரு சுவர் இருக்கு. அம்மா வெள்ளையடிக்க விடமாட்டா" என்றான் பிறகு. "அடுத்த கிழமைக்குள்ள நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதம் எடுத்துக் குடுங்க. இப்ப ஃபோர்மைத் திருத்துறேன். குடியிருப்பவர் பெயர்?"

"புஷ்பம்."

"விலாசம்?"

"ஹந்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது. "இதுதான் தம்பி. இந்த வீடுதான்."

"குடியிருக்கிறவர் வாசல்ல நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்."

புஷ்பம் பழக்கத்தில் அடுப்படி வாசலுக்குப் போய் நின்றாள்.

"அங்க இல்லம்மா. முன் வாசல்ல."

பின்னாலேயே வந்து நின்ற நஸீப் ஓட்டோவிலிருந்து செருப்பை எடுத்து வந்து நீட்டினான். அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, "கையில என்னத்துக்கு? கீழ போடுங்க" என்று யுகேஷ் சிரித்தான். முன்படியில், கஜேந்திரன் குடும்பம் வந்தால் செருப்புகள் கிடக்கும் இடத்தில், அவள் தன்னுடையதையும் ஜோடியாக வைத்தாள். படத்தில் அவள் முகம் திருவிழாவில் தொலைந்துபோய்க் கிடைத்த பிள்ளை போல இருந்தது.

மத்தியானம் கஜேந்திரன் மறுபடி போன் எடுத்தார். "படம் வந்துச்சு அக்கா. கொம்பனி சரி சொல்லிட்டான்." "ஏஜென்சி கதைய மனசுல வச்சுக்காதீங்க. உங்க விலாசத்தக் கூட நான் இத்தன வருசமாக் கேக்கல்லையே."

"நானும் சொல்லல்லதானே தம்பி" என்றாள் புஷ்பம். அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

சாமிப் படங்கள் திரும்பவும் வெள்ளைச் சதுரத்துக்குப் போயின. அந்தியில் விளக்கேற்றப் பூப் பறிக்க வேண்டும். வழக்கம்போல அடுப்படி வாசலுக்குப் போய்க் காலால் துழாவினாள், செருப்பு இல்லை. எங்கே போனது என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு நினைவு வந்து, வீட்டுக்குள் திரும்பி, பெரிய கூடத்தின் வழியாக நடந்துபோய், முன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து செருப்பைப் போட்டாள்.