ஓய்வெடுக்கச் சொன்னால் ஓடுகிறவர்கள்

பிசியோதெரபியில் ஒடிந்த எலும்பு பெரிய பிரச்சினை இல்லை. அது சேர்ந்த மறுநாளே மைதானத்துக்குக் கிளம்புகிற ஆள்தான் பிரச்சினை. பிடிவாதக்காரர் ஒருவருக்குப் பத்தியம் சமைத்துப் போட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் என் கட்சி. தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தொழிலைத் தொடங்கினேன். முதுகுவலிக்காரர்கள் "எப்ப சரியாகும்?" என்று கேட்பார்கள். விளையாட்டுக்காரர்கள் கேட்பது வேறு: "எப்ப எறங்கலாம்?"

ஒரு மூச்சுக்காக

முருகேசன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவர். கபடியில் எதிரணிப் பக்கம் பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்ப மாட்டார் என்று பெயர். மாநில அணிக்கு ஆடிக் கோப்பையோடு வந்த கொஞ்ச நாளில், ஒரு திருவிழா ஆட்டத்தில் எதிரணி மொத்தமாக அவர் மேல் விழுந்ததில் முழங்கால் திருகிக்கொண்டது. ஜவ்வு அறுந்து, மதுரையில் ஆபரேஷன் முடிந்து என்னிடம் வந்தார். காலை மடக்கும்போது அவர் பிடித்த பிடியில் என் மேஜையின் ரெக்ஸின் கிழிந்தது.

"மாநிலக் கோப்பையே வாங்கியாச்சு. போதாதா?" என்றேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கோப்பை அலமாரில இருக்குதுங்க. பாடிக்கிட்டுக் கோட்டைத் தாண்டுனா மூட்டை, லாரி, ஊட்டுச் சண்டை ஒண்ணும் நெனப்புல வராதுங்க. அந்த ஒரு மூச்சுக்குத்தானுங்க இத்தனை வலியும். நீங்க மடக்குங்க."

கால் போனால்

முருகேசனின் கால் நேராக ஓடியது. சட்டென்று திரும்பினால் மடங்கிவிட்டது. மறுபடி களம் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே, பாடிப் போய்த் திரும்பும்போது தானாகவே சரிந்து விழுந்தார். பார்க்க வந்தவர்களில் சிலர் சிரித்தார்களாம். இனிப் பாடிப் போக முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "பாடறதுக்குத்தானுங்க காலு வேணும். வர்றவனைப் புடிக்கறதுக்குக் கை இருக்குதுங்கல்ல?" அடுத்த பொங்கலுக்கு அவர் ஊர் அணிக்குப் பிடிக்கிற ஆட்டக்காரராக இறங்கினார். அவர் நின்ற மூலைப் பக்கம் போகவே எதிரணிக்காரர்கள் தயங்கினார்கள்.

கிணற்றுக்குள் ஓட்டம்

ஜெசிந்தா எண்ணூறு மீட்டரில் மாநிலத் தங்கம் வாங்கியவள். அதை வைத்துப் போலீஸ் வேலையும் கிடைத்தது. அதன் பிறகுதான் கால் எலும்பில் மயிரிழை விரிசல். "வேலை கெடச்சிருச்சு, இன்னும் எதுக்கு ஓடுது இந்தப் பிள்ளை?" என்று அவள் அம்மா என்னிடம் புலம்பினார். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊர்ப் பக்கம் ஆத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, உங்கள் ஜெசிந்தா அவளுடைய மாமாவின் தோட்டத்துக் கிணற்றில்தான் கிடக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பதறிப் போய் எட்டிப் பார்த்தேன். லாரி டியூபை மார்பில் மாட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தாள். நான் மேலேயிருந்து கத்தின கத்தலுக்கு அவள் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "தரையில ஊனக் கூடாதுன்னுதான சொன்னீங்க? நான் எங்க ஊனுனேன், அக்கா?"

வழி விடு என்றவர்

எலும்பு சேர்ந்தது. ஜெசிந்தா திரும்பப் போட்டிக்குப் போனாள். கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தாள். அழுதாள் என்று அவள் அம்மா சொன்னார். என்னிடம் வந்தபோது முகம் இறுகியிருந்தது. கூடவே அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி ஒருவரும் வந்தார். "டாக்டரம்மா, நீங்களாவது சொல்லுங்க. இந்தப் பொண்ணு சாதிக்க வேண்டியதைச் சாதிச்சாச்சு. கவுரவமா ஒதுங்கிக்கிட்டு, சின்னப் புள்ளைகளுக்கு வழி விட்டா நல்லது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை நடுங்கவில்லை. "நான் எதுக்கு சார் வழி விடணும்? அதுகளை முந்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

வெள்ளிப் பதக்கம்

அடுத்த வருஷப் போட்டிக்கு நானே போயிருந்தேன். தங்கம் வாங்குவாள் என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான். முதல் சுற்றில் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்தாள். கடைசி வளைவில் அவளுக்கு முன்னால் ஒரே ஒரு பெண். இவளைவிட வெகு இளையவள். அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கோடு முந்திக்கொண்டது. ஜெசிந்தா இரண்டாவது.

ஆறுதல் சொல்லத் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். புல்லில் மல்லாந்து கிடந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளை என்னையத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, கவனிச்சீங்களாக்கா? பயந்துருச்சு. அடுத்த தடவை திரும்பிப் பாக்க வேண்டியதில்லை, நான் முன்னாடி போயிருவேன்."

இத்தனை வருஷத்தில் என் அறிவுரையைக் கேட்டு முழு ஓய்வு எடுத்துக்கொண்டது, அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன என் வாய் மட்டும்தான்.