என் பங்குக்கு அவன் நடந்த ஆறு மைல்

சவரிமுத்து போய்விட்டான் என்று அவன் மகள் ஸ்டெல்லா போனில் சொன்னபோது, எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை. "என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?" என்றுதான் முதலில் கேட்டேன். இதை மறைக்க விருப்பமில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வழக்கு இருந்தது. அதை முடிக்காமல் அவன் கிளம்பிவிடுவான் என்று நான் எண்ணவில்லை.

"ஒண்ணும் சொல்லல பெரியப்பா," என்றாள். "காலையில காப்பி கேட்டாரு. கலக்கி எடுத்தாரதுக்குள்ள தல சாஞ்சிடுச்சி."

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, ஓசூருக்கு அப்பால் அவன் குடியிருந்த ஜூஜுவாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கப் போகிறார்களாம். "'சவரிமுத்துவும் மாதையனும் கெழக்குக் கடல்லருந்து மேற்குக் கடல் வரைக்கும் நடந்தே போனவங்க'ன்னு மொதப் பக்கத்துல போடலாமா பெரியப்பா? அப்பா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாரு."

"போடாத," என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். "செத்த பொறகுமா பெரியப்பா?" என்றாள். பிறகு, "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. எது நெசமோ அதயே போட்டுக்கறோம்," என்றாள்.

அதற்காக எழுதியது இது. அவனை அறிந்தவர்கள் படிப்பீர்கள். அவன் என்னைவிட ஒரு வயது இளையவன். 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்க முடியாவிட்டாலும் மாற்றமாட்டேன்.

உங்களில் பலர் அவனைத் தொழிற்சாலை வாசலில் காக்கிச் சட்டையோடு நின்ற வாட்ச்மேனாகத்தான் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவன் ரோடு வேலையில் கூட்டாளி. அறுபதுகளில் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே சாலையைப் பழுது பார்த்த கூலி கேங்கில் நாங்கள் இருவரும் ஜல்லி உடைத்தோம். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டால், கூட்டாளி தன் பங்கை உடைத்த பிறகு படுத்தவன் பங்கையும் உடைத்து, இரண்டு குவியலாகப் போட்டு வைப்பான். அளக்க வரும் மேஸ்திரி எந்தக் குவியலை எந்தக் கை உடைத்தது என்று கேட்கமாட்டார். படுத்தவன் வேலையும் முடிந்ததுதான். சவரி எனக்காக இரண்டு முறை உடைத்திருக்கிறான். நான் அவனுக்காக ஒரு முறை. "கூட்டாளின்னா தெனமும் பாதி மாது, வுழுந்த அன்னிக்கு முழுசு," என்பான். மாதையன் என்ற என் பெயர் அவன் வாயில் மாதுதான்.

நடக்கும் யோசனை என்னுடையது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மைல்கல்லில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் படித்தவன். ஒரு நாள் மர நிழலில் உட்கார்ந்து பழைய பேப்பர் ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்த ஓவர்சியர், "என்னாடா படிக்கிற? நீ போடற ரோடு எங்க ஆரம்பிச்சி எங்க முடியுதுன்னு தெரியுமா ஒனக்கு? ரெண்டு கல்லுக்கு நடுவுலயே பொறந்து நடுவுலயே சாவறவன்," என்றார். கேங்கே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. காயலான் கடையில் கந்தலாகக் கிடந்த சர்வே வரைபடங்கள் நாலைந்தை வாங்கி, ஒட்டி, மடித்து வைத்துக்கொண்டேன். கிழக்குக் கடலில் தொடங்கி மேற்குக் கடலில் முடிக்க வேண்டும். தார் ரோட்டை விட்டு விலகி மலைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையிலேயே போக வேண்டும். ஓர் அடிகூட வண்டியில் ஏறக் கூடாது. சவரியிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்பான் என்று பதிலோடு நின்றேன். அவன், "எப்ப கெளம்பறோம்?" என்றான்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், வேலை இல்லாத நேரம் பார்த்து, கடலூரில் போய் இறங்கி உப்புத் தண்ணீரில் கால் நனைத்து மேற்கே திரும்பினோம். தோளில் கேழ்வரகு மாவு, வெல்லம், ஓர் அலுமினியச் சட்டி, ஆளுக்கொரு கம்பளி. சிங்காரப்பேட்டையில் களி விற்ற அம்மா, "எங்கப்பா போறீங்க, மூட்டையத் தூக்கிக்கினு?" என்று கேட்டாள். மேற்குக் கடலுக்கு என்றேன். "ஏன், அதுக்கு பஸ்ஸு வுடலியா இன்னும்?" என்றாள். சவரி குனிந்து ரகசியம் போலச் சொன்னான்: "இவனுக்கு பஸ்ஸுல போனா வாந்திம்மா. அதான் நான் ஓட்டிக்கினு போறன்." அந்த அம்மா சிரித்து இன்னொரு உருண்டை வைத்தாள். இவனோடு போனால் பட்டினி கிடையாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

ஆனால் மலை தொடங்கியதும் அவன் முறையும் என் முறையும் மோத ஆரம்பித்தன. பாதை பிரியும் இடத்தில் நான் படத்தைப் பிரிப்பேன். அவன் ஆளைத் தேடுவான். மூன்று பேரைக் கேட்காமல் காலெடுத்து வைக்கமாட்டான். தமிழில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர் என்று கிடைத்துவிட்டால் அவனுக்குத் திருவிழா. "ஒரே ஊரு சனம் ஒரே தப்பச் சொல்லும் மாது. பாஷ மாறுனா தப்பும் மாறும். மூணு வாயில எது ஒத்துப்போவுதோ அதான் வழி," என்பான். கேட்டதோடு விடமாட்டான்; ஆடு எத்தனை, மழை வந்ததா, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்றா என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்விடுவான். நான் வெயிலில் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

குருபரப்பள்ளியைத் தாண்டி, ரோட்டை விட்டு விலகி மலைக்குள் நுழைந்து சூளகிரிப் பக்கம் இறங்கும் பாதை ஒன்று உண்டு. நாங்கள் ஜல்லி உடைத்த இடத்துக்குக் கூப்பிடு தூரம். அங்கே ஒரு வட்டப் பாறைக்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. படத்தில் வலது பக்கம் ஓர் ஏரி இருந்தது. எங்களிடம் தண்ணீர் தீர்ந்திருந்தது. ஆடு மேய்த்த தெலுங்குக்காரப் பெண் ஒருத்தி, "அக்கட நீள்ளு லேவு நாயனா," அங்கே தண்ணீர் இல்லை என்று தலையை ஆட்டினாள். புல்லுக்கட்டோடு வந்த கன்னடக் கிழவர், அந்த ஏரி உடைந்து வருடக்கணக்காகிறது, இடது பக்கம் போங்கள் என்றார். மூன்றாவது ஆள் வரவில்லை.

"மூணாவது வாய் எங்கடா?" என்றேன்.

"வருவாங்க. செத்த இரு."

"இந்தப் படம்தான் மூணாவது வாய். அரசாங்கம் போட்டது. ரெண்டு வாய்க்குச் சமம்."

"அரசாங்கம் இங்க வந்து தண்ணி குடிச்சிதாடா?" என்றான். நான் வலது பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். திட்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

ஏரி இல்லை. உடைந்த கரையும் உள்ளே முள்ளும்தான் இருந்தன. பாறைக் குழியில் பச்சையாகத் தேங்கிக் கிடந்த தண்ணீரை, அவன் கையைத் தட்டிவிட்டுக் குடித்தேன். திரும்பி வட்டப் பாறைக்கு வருவதற்குள் வாந்தியும் பேதியும் என்னைக் கீழே தள்ளிவிட்டன. படத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தது நினைவிருக்கிறது. "வண்டி மட்டும் வேணாம்டா," என்று சொன்னதும் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது சூளகிரியில் ஒரு கம்பவுண்டர் வீட்டு பெஞ்சில் கிடந்தேன். சட்டையெல்லாம் புளி வாசனை. புளி மூட்டை ஏற்றிப் போன மாட்டு வண்டியில் என்னைக் கிடத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை சவரி வாசலில் உட்கார்ந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். "நான் வண்டிக்குப் பின்னாலயே நடந்து வந்தன். உன்னப் படுக்க வெச்சிட்டு, திரும்ப அந்தப் பாறைக்குப் போயி, அங்கருந்து இன்னொரு வாட்டி நடந்துட்டன். அது உன் பங்கு. ஆறு மைலும் முடிஞ்சிது. கஞ்சியக் குடி, கெளம்பலாம்."

"ஜல்லி வேற, நட வேற. என் காலு நடக்கல. உன்ன யாரு வண்டியில ஏத்தச் சொன்னது?"

"செத்திருப்படா."

"நடந்து செத்தான்னு பேராவது மிஞ்சியிருக்கும்."

"அந்தப் பேர எடுத்துக்கினு போயி உங்கம்மாகிட்ட நான் இன்னான்னு குடுப்பன்?" என்றான்.

திரும்பிப் போய் அந்த ஆறு மைலை நடக்க எழுந்தேன். தள்ளாடி விழுந்தேன். மேற்கே போய்விட்டு வந்து முடிக்கலாம் என்று முடிவாயிற்று. ஓசூர், ஜூஜுவாடி, மைசூர் சீமை எல்லாம் தாண்டி, குடகு மலையில் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த பங்குனியில் நடந்தோம். அத்தனை தூரமும் வழி கேட்க மட்டும்தான் அவன் வாய் திறந்தான். என்னிடம் பேச அல்ல. மேற்குக் கடலைப் பார்த்ததும் அவனால் அடக்க முடியவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டு சட்டையோடு ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "மாது, வாடா! வந்துட்டமுடா!" என்று கத்தினான். நான் காய்ந்த மணலிலேயே நின்றேன். "என் நட முடியல. நான் நனைய மாட்டன்," என்றேன். அலை ஒன்று அவன் முதுகில் அடித்தது. அவன் கரைக்கு வந்து சட்டையைப் பிழிந்தான். ஊர் திரும்பும்வரை அவன் சிரிக்கவில்லை. நாற்பது நாள் நடந்து அவன் சேர்ந்த கடலை நான் அவனுக்குக் கெடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் கழிந்ததும் கிருஷ்ணகிரிக்கு வருவான். "வாடா, அந்த ஆறு மைல நடந்துட்டு வந்துரலாம். நானும் கூட வரன்," என்பான். "வண்டியில ஏத்துனது தப்புன்னு மொதல்ல சொல்லு," என்பேன். "கேளு, வேற என்னா வேணா சொல்றன். அது மட்டும் என் வாயில வராது," என்பான். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். நாங்கள் பிள்ளை பெற்றோம், அவன் வாட்ச்மேன் வேலைக்குப் போனான், மலையடிவாரத்தில் கல் குவாரி வந்தது. அந்த இரண்டு வாக்கியமும் மாறவில்லை.

இதுவரை எழுதியதில் பாதி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இனி எழுதுவது யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவின் கல்யாண விருந்தில் அவன் சம்பந்தி வீட்டாரிடம் நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "மாது பங்கு ஆறு மைலயும் நானே நடந்தன்," என்றான். பந்தியில் உட்கார்ந்திருந்த நான், "அத யாரு பாத்தா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "வாட்ச்மேன் நல்லாவே கத வுடறாரு," என்று யாரோ சொன்னார்கள். மகள் கல்யாணத்தில் அவனைப் பொய்யனாக்கினேன்.

அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். வண்டியிலிருந்து இறக்கும்போது நான் படம், படம் என்று பிதற்றினேனாம். அது பாறையிலேயே கிடக்கிறது, போய் எடுத்து வருகிறேன் என்று சவரி சொன்னதைக் கம்பவுண்டர் எனக்குச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை படம் என் தலைமாட்டில் இருந்தது. மேற்குக் கடல்வரைக்கும் அதைப் பிரித்துப் பிரித்துத்தான் வந்தேன். "அப்ப படம் எப்படிடா வந்துச்சி?" என்று அவன் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அத்தனை பேர் முன்னாலும் என் தலை தொங்கியிருக்கும். என்னைப் பார்த்தான். கேட்கவில்லை. "சாப்புடு மாது, பாயாசம் ஆறுது," என்றான்.

ஸ்டெல்லா, முதல் பக்கத்தில் இப்படிப் போடு: 'சவரிமுத்து கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை முழுதும் நடந்தவன். மாதையனுக்கு ஆறு மைல் குறைந்தது. அதையும் சவரிமுத்துவே நடந்தான்.' இருவரும் நடந்தார்கள் என்று போடாதே. அதில் நான் மாறமாட்டேன். வண்டியில் ஏற்றியது தப்பு என்று அவன் சொல்ல வேண்டும் என்று ஐம்பது வருடம் கேட்டது தப்பு. யார் பார்த்தது என்று கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. இதை அவன் காதில் விழச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரர் போன வாரம் போன் செய்து, பாதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, காரில் கொண்டுபோய் விடுகிறேன், மெதுவாக நடந்து முடித்துவிடுங்கள், மாமா மனம் குளிரும் என்றார். நல்ல பிள்ளை. ஆனால் வரமாட்டேன் என்று சொல். இத்தனை காலம் அங்கே நடக்காமல் இருந்தேன், அவன் தப்பு என்று சொல்லட்டும் என்ற வீம்பில். இனி நான் போய் நடந்தால் அவன் நடந்தது போதவில்லை என்று ஆகிவிடும். அவனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த ஆறு மைல்தான். அதில் என் கால் படாது.