ஜெர்மனியைக் கவிழ்த்த காலை

நண்பர்களே, இன்று சங்கரன்கோவிலில் உட்கார்ந்தபடியே உலகப் பொருளாதாரத்தை நான் ஒருவனே கவிழ்த்துவிட்டேன்.

சலூனில் வழக்கம்போல் எல்லோருக்கும் பேப்பரை உரக்க வாசித்தேன். நியூயார்க்கில் பங்கு விலை விழுந்ததாம். அதைப் பார்த்து லண்டன் பயந்ததாம், லண்டனைப் பார்த்து டோக்கியோ.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுத்தது ஜெர்மனிதான். அங்கன இனி ஒருத்தனும் புதுத்துணி எடுக்க மாட்டான்" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்.

பாதிச் சவரத்தில் இருந்த அண்ணாச்சி சோப்பு நுரையோடு எழுந்துவிட்டார். எட்டு விசைத்தறி வைத்து ஜெர்மனிக்குப் போகும் துணி நெய்பவர்.

"வே, நெசமாவா சொல்லுதீரு?"

"பேப்பரே சொல்லுது அண்ணாச்சி!"

பேப்பர் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் அவர் தறிகளை நிறுத்தினார். அதைப் பார்த்துப் பக்கத்துத் தறிக்காரர் நிறுத்தினார். பதினோரு மணிக்குத் தெருவே ஊமையாகிவிட்டது. அண்ணாச்சியிடம் தறி ஓட்டும் மாரியப்பன் என்னை மறித்து, "நாளைக்கு வேலை உண்டா மாமா?" என்று கேட்டான்.

அண்ணாச்சியிடம் ஓடினேன். "ஜெர்மனி என் கற்பனை அண்ணாச்சி. தறியை ஓட்டுங்க."

"போவே! நீரு சொன்னதுக்கா நிறுத்தினேன்? தெருவே நிறுத்திட்டுல்லா! வெவரம் இல்லாமலா நிறுத்துவாங்க?"

இதை எழுதும்போதும் தறிச் சத்தம் இல்லை. இப்போது எனக்கே ஜெர்மனியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

உங்கள் ஊரில் தறி ஓடுகிறது என்று உடனே ஒரு கார்டு போடுங்கள். பொய்யானாலும் பரவாயில்லை, சலூனில் உரக்க வாசித்துவிடுகிறேன்.